கிழக்கு ஜன்னலில் ஈரக் கோணி

இடது கை துணியை முழங்காலின் மேல் இழுத்துப் பிடித்திருந்தது. வலது கை கோணி ஊசியை உள்ளே செலுத்தி, மறுபக்கம் வாங்கி, நூலை மார்பு வரை இழுத்து ஒரு முறை சுண்டியது. தையலுக்கும் தையலுக்கும் ஒரு விரல் அகலம். பத்துத் தையலுக்கு ஒரு தடவை நூலை மெழுகுவர்த்தித் துண்டின் மேல் ஓட்டியது. மெழுகு ஏறிய நூல் சீக்கிரம் பிரியாது. ஓரத்துக்கு இரண்டு மடிப்பு, மூலைக்கு மூன்று. மூன்றாவது மடிப்பில் ஊசி இறங்க மறுத்தபோது கை அதை முட்டித் தள்ளவில்லை. ஊசியை உருவி, எண்ணெய் வைத்த தலைமுடியில் ஒரு தரம் தேய்த்து, மறுபடி அதே துளையில் வைத்தது.

கடையில் வாங்கிய துணி இல்லை அது. அடிப்பக்கம், பிளாஸ்டிக் குருணை ஏற்றி வந்த ஜம்போ பை. ஒரு டன் சரக்கைத் தாங்குகிற அந்த வெள்ளைப் பையைப் பிரித்து, மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டது. வேறு ரசாயனம் ஏற்றி வந்த பை என்றால் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்தக் கை தொடாது. மேல்பக்கம், சிப்ஸ் பாக்கெட்டுக்காக அச்சடித்துப் பிசகிப்போய்க் கழித்துக் கட்டிய தாள். அதன் ஒரு முகம் முழுக்க வெள்ளிப் பளபளப்பு. இரண்டையும் சேர்த்துத் தைத்து, பளபளப்பு மேலே பார்க்கும்படி சிமெண்ட் ஷீட்டுக்கு ஒரு சாண் கீழே கட்டினால், கூரையின் அனல் தலையில் இறங்காது. இரண்டு முனையிலும் அந்த ஒரு சாண் திறந்திருக்க வேண்டும், சிக்கிய அனல் அந்த வழியாகப் போய்விடும். அடுப்பு எரிகிற அறையில் மட்டும் கட்டக் கூடாது.

"இத்த எத்தினியாவது வாட்டி பிரிக்கிற?" என்று கேட்டார் கணவர் பீட்டர். ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்திருந்தார்.

"மூணாவது."

"ஊருக்கெல்லாம் ரெண்டு நாள்ல தெச்சிக் குடுத்துட்ற. இதுக்கு இன்னா பதினஞ்சு நாளு?"

ரோசம்மாள் நூலை மெழுகின் மேல் ஓட்டினாள். யாருக்கு என்று பீட்டருக்குத் தெரியும். தெரிந்ததால் அவரும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ரோசம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பா திருவள்ளூருக்கு மேற்கே அடுத்தவர் நிலத்தில் நாற்றுக்கட்டு சுமந்தவர். இவள் பதினாறு வயதில் காக்களூர் எஸ்டேட்டில் ஒரு மாவு மில்லுக்கு மூட்டை வாய் தைக்கப் போனாள். கற்றுக் கொடுக்க யாரும் இல்லை. லாரியில் ஏற்றும்போது வாய் பிளந்த மூட்டைகள் திரும்பி வரும். அவற்றை எடுத்து, தையல் எந்த இடத்தில் முதலில் விட்டுக்கொடுத்தது என்று பார்ப்பாள். பிரிந்த மூட்டைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பிரியாத தையலைக் கற்றுக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவள் தைத்த மூட்டை ஒன்றுகூடத் திரும்பவில்லை. மேஸ்திரி அதை நாலு பேர் முன்னால் சொன்னார். அந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு குணம் படிந்துவிட்டது என்று பீட்டர் சொல்வார். தன் வேலையில் யாராவது குறை சொன்னால் அவளுக்கு ஆகாது.

காக்களூரில் அவர்கள் குடியிருந்த ஷீட்டு வீட்டுக்கு மேற்கே ஒரு ஜன்னல். கத்திரி வெயிலில் பகல் முழுக்க அந்தப் பக்கமிருந்து வறண்ட காற்று அடிக்கும். ரோசம்மாள் பழைய சாக்கை இரட்டையாக மடித்து ஜன்னல் அளவுக்குத் தைத்து மாட்டினாள். அதன் தலைமாட்டில் துளை போட்ட ஒரு குழாய். குழாய்க்கு மேலே ஒரு பக்கெட் தண்ணீர். சொட்டுச் சொட்டாகச் சாக்கு நனையும். அதைத் துளைத்துக்கொண்டு வருகிற காற்று, மண்பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்காரர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மேஸ்திரியும் வாங்கினார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பீட்டர் ஷேர் ஆட்டோ வாங்கிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தபோது, ரோசம்மாள் சிப்காட்டில் ஜம்போ பை தைக்கிற கம்பெனியில் சேர்ந்தாள். ஈரக் கோணியும் அவளோடு கூட வந்தது. லைன் வீடுகளில் நாற்பது ஜன்னலுக்காவது தைத்துக் கொடுத்திருப்பாள். இங்கே ஜன்னல்கள் மேற்கே இல்லாததால், ஜன்னலுக்கு முன்னால் ஒரு டேபிள் ஃபேனை வைத்து வெளிக்காற்றைக் கோணி வழியாக இழுக்கச் சொன்னாள். யாரும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, பக்கத்து லைன் நர்மதா, "தரையெல்லாம் ஈரமாவுதுக்கா, வழுக்குது" என்றாள். ரோசம்மாள் பேசாமல் எழுந்து போய்க் கோணியைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு வருஷம் நர்மதாவோடு பேச்சு இல்லை. அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

முத்தம்மாள் கம்பெனியில் அவளுக்கு எதிர் மேசை. ரோசம்மாள் தைத்த பையை முத்தம்மாள் சரிபார்ப்பாள். அவள் கணவர் சுப்பராயன் கம்பி உருட்டுகிற ஆலையில் இருந்தார். எப்போதும் இரவு ஷிப்டு. காலை எட்டரைக்கு வீடு வந்து, ஒன்பதுக்குப் படுத்து, நாலு மணிக்கு எழ வேண்டிய மனுஷர். ஒற்றை அறை, அடுப்பு வெளியே, சிமெண்ட் ஷீட்டுக் கூரை, கிழக்கே ஒரே ஜன்னல்.

"ராத்திரி உலை, பகல்ல ஊடு. எங்க ஊட்டுக்காரு ரெண்டு ஷிப்டு வெந்துகினு கீறாரு அக்கா" என்று முத்தம்மாள் ஒரு மே மாசத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரோசம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது சாயங்காலம் உட்கார்ந்து, அதுவரை தைத்ததிலேயே கனமான கோணியைத் தைத்தாள்.

கம்பெனி விடுமுறை நாளில் கொண்டுபோய் மாட்டினாள். அப்போது மணி ஒன்பதரை. பக்கெட்டை நிரப்பி ஃபேனைப் போட்டதும் அறை அப்படியே மாறிவிட்டது. சுப்பராயன் பாயில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டு, "ஊட்டிக்கு டிக்கெட் வாணாம் போல கீதே" என்றார்.

"கதவ நல்லா சாத்திக்கோங்கண்ணா. உள்ள கீற குளிர்ச்சி வெளிய போவக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பத்து மணிக்கு ரோசம்மாள் வீட்டுக்குத் திரும்பினாள்.

பத்து மணிக்குப் பார்த்தவள் பன்னிரண்டு மணிக்குப் பார்க்கவில்லை.

கும்மிடிப்பூண்டி காக்களூர் இல்லை. இங்கே முற்பகல் வரைதான் மேற்கின் வறண்ட காற்று. உச்சி வேளையில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடல் காற்று திரும்பிவிடும். அது ஈரம் சுமந்து வருகிற காற்று. ஈரக் காற்றில் நனைந்த கோணி காய்வதில்லை. காயாத கோணி குளிர்ச்சி தருவதில்லை. அந்த வீட்டுக்குக் கிடைக்கிற ஒரே நல்ல காற்று கிழக்கு ஜன்னல் வழியாக வருகிற கடல் காற்று. இரட்டை மடிப்புக் கோணி அதையும் அடைத்துக்கொண்டு நின்றது. சாத்திய கதவுக்குள், மேலே ஷீட்டு காய, கீழே ஈரம் புழுங்க, சுப்பராயன் படுத்துக் கிடந்தார்.

மூன்று நாள் கழித்து வழியில் பார்த்தபோது, "தூக்கம் எப்டிண்ணா?" என்று கேட்டாள்.

"சூப்பரா கீது ரோசம்மா."

கண் சிவந்திருந்தது. உலைச் சூடு என்று நினைத்துக்கொண்டாள்.

பதினோராவது நாள், ஷிப்டு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, உருளைக்கு நடுவே சுப்பராயனின் வலது கை போய்விட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் ரோசம்மாள் பிரெட்டும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். "ஒரு செகண்டு கண்ணு சொருகிட்ச்சி" என்று சுப்பராயன் கூரையைப் பார்த்துச் சொன்னார். ரோசம்மாள் அழுதாள். வீட்டுக்குப் போய், அவர் நிம்மதியாகப் படுத்துத் தேறட்டும் என்று அந்தக் கோணியைக் கழற்றிவிட்டு, மும்மடிப்பில் புதிதாக ஒன்று தைத்து மாட்டிக் கொடுத்தாள். கட்டுப் போட்ட கையோடு ஜூன் மாசம் முழுக்க அவர் அதற்குப் பின்னால்தான் கிடந்தார். இன்றைக்கும் அவளைத் தூங்கவிடாமல் செய்வது முதல் கோணி இல்லை. இந்த இரண்டாவது கோணிதான்.

ஆலையில் அவருக்கு வாசல் கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். அதுவும் இரவு ஷிப்டுதான்.

அடுத்த வருஷம் மே மாசத்தில் ஒரு நாள் கம்பெனியில் மெஷின் பழுதாகி, எல்லோரையும் பதினொன்றரைக்கு அனுப்பிவிட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ரோசம்மாள் தன் வீட்டுக்குள் இருந்தது அந்த ஊருக்கு வந்த பிறகு அன்றுதான். வேலை நாளில் ஐந்தரைக்குத்தான் வருவாள். விடுமுறை நாளிலும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடித்து வந்தாலும் பின்பக்கம் சமையல். அப்புறம் வாசலில் வேப்ப மரத்தடியில் கட்டில். அன்றைக்குக் கதவைச் சாத்தி, பக்கெட்டை நிரப்பி, ஃபேனைப் போட்டுப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் மூடிய இட்லிச் சட்டிக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. எழுந்து கோணியை விலக்கினாள். ஜன்னல் வழியே கடல் காற்று நேராக வந்து முகத்தில் மோதியது. கோணியைக் கையில் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். "ஒரு செகண்டு கண்ணு சொருகிட்ச்சி" என்ற குரல் காதில் கேட்டது.

பீட்டர் சாப்பிட வந்தபோது கேட்டாள். "நீ தெனமும் இந்த நேரத்துக்கு ஊட்டுக்கு வர்ற. இப்டி புழுங்கிச்சின்னு ஒரு நாளு கூட சொல்லலியே?"

"உங்கிட்ட குறை சொல்றதுக்கு போலீஸ் ஸ்டேஷன்ல போய் உக்காந்துக்கலாம்."

"வெளையாடாத."

"வெளையாடல. நான் வந்த ஒடனே அத்த கயட்டி வெப்பேன். போவும்போது மாட்டிட்டுப் போவேன். பத்து வருஷமா அதான் பண்றேன்."

ரோசம்மாள் அன்று சாயங்காலமே லைன் வீடுகளுக்குப் போனாள். கோணிகளைக் கழற்றச் சொல்ல வேண்டும். ஆனால் கழற்ற வேண்டிய கோணிகள் அதிகம் இல்லை. ஒரு வீட்டில் அது வாசலில் கால் துடைக்கக் கிடந்தது. இன்னொரு வீட்டில் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது. நர்மதாதான் வாயைத் திறந்தாள்: "நீ வர்றத பாத்தா எடுத்து மாட்டுவோம்க்கா. போனதும் கயட்டிடுவோம். நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான்." நாற்பது வீட்டில், அவள் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டு, கதவையும் சாத்திக்கொண்டு, மாட்டியதைக் கழற்றாமல் கிடந்த வீடு அநேகமாக ஒன்றுதான்.

அந்த வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. முத்தம்மாளிடம், "கோணிய எடுத்துடு, அது இந்த ஊருக்கு செட் ஆவல" என்று மேசையில் குனிந்தபடி சொன்னாள். முத்தம்மாள், "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் ஒரு தெரு சுற்றிப் போனாள். விரல் போனது தூக்கக் கேட்டாலா, உருளையின் கோளாறா, விதியா என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அது தெரிந்திருந்தும் அவள் சுற்றித்தான் போனாள். ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. அந்த ஒரு வருஷத்தில்தான் வெள்ளித் தாளையும் ஜம்போ பையையும் சேர்த்துத் தைத்து, தன் வீட்டில் கட்டி, ஒவ்வொரு ஞாயிறும் நடுப்பகல் முழுக்க அதன் கீழே படுத்துப் பார்த்து, பிரித்து, மறுபடி தைத்தாள்.

இந்த ஏப்ரலில் மீஞ்சூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மின்சார ரயிலில் மதியம் ஒன்றரைக்குத் திரும்பினாள். கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் ஒரு ஆள் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வெளிச்சம் படாமலிருக்க வலது கையால் முகத்தை மூடியிருந்தார். மூடிய கையில் நடுவே மூன்று விரல் இல்லை. அந்த இடைவெளி வழியாக வெயில் அவர் கண் மேல் விழுந்துகொண்டிருந்தது. ரோசம்மாள் சற்று நேரம் தன் நிழல் அவர் முகத்தில் விழும்படி நின்றாள். அடுத்த ரயிலின் சத்தம் கேட்டதும் நகர்ந்துவிட்டாள்.

மறுநாள் முத்தம்மாளிடம் வீட்டின் நீள அகலம் கேட்டாள்.

மே மாசத்தின் இரண்டாவது ஞாயிறு. சர்ச்சுக்குப் போகாமல், மடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பதினொரு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றாள். சுப்பராயன் பனியனோடு எழுந்து வந்தார்.

"வா ரோசம்மா. வழி மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

"மறக்கலண்ணா. வர முடியல."

முத்தம்மாளும் அவளும் ஸ்டூல் மேல் ஏறி, சுவரில் அடித்த ஆணிகளில் துணியை இழுத்துக் கட்டினார்கள். சீலிங் ஃபேன் குழாயைச் சுற்றித் துணியில் வட்டமாக இடம் விட்டிருந்தாள். கிழக்கு ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்தாள், எதிரே கதவையும். சுப்பராயன் அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே சொன்னார்: "சூப்பரா கீது."

"இப்ப சொல்லாதீங்க. ரெண்டு மணிக்கு சொல்லுங்க. அது வரிக்கும் நான் இங்கதான் உக்காரப் போறேன்."

"எம் பொண்டாட்டியே இப்டி காவல் காத்தது இல்ல" என்றார் சுப்பராயன். முத்தம்மாள் அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு மோர் கலக்கப் போனாள்.

ரோசம்மாள் மெழுகுவர்த்தித் துண்டை இரண்டாக உடைத்தாள். ஒன்றைத் துணிக்கு மேலே சுவர் விளிம்பில் பாதி நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தாள்; இன்னொன்றைக் கீழே அலமாரியில் அதே மாதிரி வைத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டரைக்குக் காற்று திரும்பியது. ஜன்னலோரம் மாட்டியிருந்த காலண்டர் படபடத்தது.

"அந்தக் கோணி தப்புண்ணா" என்றாள் அவள். "காலீல மாட்டிப் பாத்துட்டு போய்ட்டேன். மத்தியானம் வந்து உக்காந்து பாத்திருக்கணும். அதுக்குப் பின்னால நீங்க தூங்கியிருக்கவே முடியாது. அப்பால, ஆஸ்பத்திரிலேந்து வந்ததும் இன்னொண்ணு வேற மாட்னேன்."

சுப்பராயன் மிஞ்சிய இரண்டு விரலால் பாயின் கோரையை நெருடிக்கொண்டிருந்தார்.

"மூணாவது நாளே தெரியும் ரோசம்மா. கயட்டிடலாம்னு சொன்னேன். இவதான், அக்கா ஒம்பது நாளு ஒக்காந்து தெச்சிருக்கு, நாளிக்கு மேசைல மூஞ்ச பாக்கணும், இன்னான்னு சொல்றதுன்னா. சரி, எனக்கும் சொல்ல வாய் வரல."

"சொல்லியிருக்கலாமேண்ணா."

"சொல்லியிருந்தா?"

ரோசம்மாள் பொய் சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டாள்.

"கோவிச்சிக்கினு இருப்பேன். கோணிய கயட்டிக்கினு போயிருப்பேன்."

"போயிருப்ப" என்றார் சுப்பராயன். "விரல் இருந்திருக்குமோ இன்னாவோ. தெரியல. நெனச்சிப் பாக்கறதையே வுட்டுட்டேன்."

மோர் வந்தது. மூவரும் குடித்தார்கள். சுப்பராயன் பாயில் நீட்டிப் படுத்தார். ஒரு மணிக்கு அவர் மூச்சு சீரானது. முத்தம்மாளும் ரோசம்மாளும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணிக்கு ரோசம்மாள் ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். மேலே வைத்த மெழுகுவர்த்தி விளிம்பில் தலை கவிழ்ந்து தொங்கியது. கீழே வைத்தது நேராக இருந்தது.

சுப்பராயன் கண் விழித்தார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு முத்தம்மாளைப் பார்த்தார்.

"ரோசம்மா. கால் பக்கம் அனலு இறங்குது. அந்த மூலைல துணி தொங்கி வழி அடச்சிக்கினு கீது."

முத்தம்மாள் கையில் இருந்த டம்ளர் அசையவில்லை. ரோசம்மாள் எழுந்து மேற்கு மூலைக்குப் போய்க் கையை உயர்த்திப் பார்த்தாள். உள்ளங்கையில் அனல் அடித்தது. துணி நாலு விரல் இறங்கி, அனல் போகிற வாயை மூடியிருந்தது.

"ஆமா. தப்புதான்" என்றாள்.

துணியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். மூலையின் மூன்று மடிப்பையும் பிரித்து, நாலு விரல் உள்ளே வாங்கி, மறுபடி தைத்தாள். கயிறுகளை வெட்டிப் போட்டாள். பையில் கொண்டுவந்திருந்த கம்பிக் கொக்கிகளை கயிறு இருந்த ஒவ்வொரு துளையிலும் கோத்தாள். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே பிடிக்கிற அளவுக்கு வாய் அகலமாக, தன் கையில் மூன்று விரலை மடக்கி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து அவள் வளைத்த கொக்கிகள் அவை. வேலை முடிய மணி நாலு ஆயிற்று. அதற்குள் அவர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து நின்றார்.

"இத்த நீங்களே மாட்லாம், நீங்களே கயட்லாம்" என்றாள். "சரியா இல்லன்னா கயட்டிடுங்க. நான் வர்றேன்னு மாட்ட வாணாம்."

துணியின் மூலையை எடுத்து, கொக்கியோடு, அவருடைய வலது கையில் வைத்தாள்.